நம் பெயர் நம் உடைமை

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றப்பெற்ற உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சங்கம் ஆற்றிவந்த பணிகளுள் ஒன்று, மேடையில் எவரும் புகழாத பணி. சாதிச் சான்றுக்கு மனு எழுதித் தருவதும், உதவித்தொகைப் படிவம் நிரப்பித் தருவதும், வங்கிக் கணக்குத் தொடங்க உடன் செல்வதுமே அது. ஒரு பிள்ளையின் பெயர் பதிவேட்டில் சரியாக ஏறிவிட்டால், அப்பிள்ளைக்குக் கல்லூரிக் கதவு திறக்கின்றது. அவ்வளவு வலிமை வாய்ந்த அப்பெயரைப் பிறர் களவாடாமல் காப்பது எங்ஙனம் என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

பெயருக்காகப் போராடிய வரலாறு நமக்குண்டு. பிறர் இட்ட இழிபெயர்களை நீக்கி, ‘ஆதிதிராவிடர்’ என்னும் பெயரை அரசு ஆவணங்களில் ஏற்கவேண்டும் என்று பெருந்தலைவர் எம்.சி. ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் முன்மொழிந்து, அதற்கான அரசாணை 1922ஆம் ஆண்டில் பிறந்தது. நம்மை எப்பெயரால் பதிவது என்பதை முடிவு செய்ய வேண்டியவர்கள் நாமே என்பதன்றோ அதன் உட்பொருள்? அவ்வுரிமையின் அடுத்த படி, நம் பெயரை எவர், எதற்காகப் பயன்படுத்தலாம் என்பதை முடிவு செய்யும் உரிமையாகும்.

ஒருவருடைய பெயர், பிறந்த நாள், ஆதார் எண், கைரேகை, வங்கிக் கணக்கு ஆகியவற்றைப் பிறர் கைப்பற்றி, அவரைப் போல் நடித்துப் பயனடைவதே அடையாளத் திருட்டு. அது நம் ஊருக்கு வராது என்று எண்ணவேண்டா. சிம் கார்டு வாங்கும் கடையில் ஒரு நகல். ஒரகடம், திருப்பெரும்புதூர்த் தொழிற்சாலைகளுக்கு ஆளெடுக்கும் ஒப்பந்தக்காரரிடம் ஒரு நகல். குழுக் கடன் தருபவரிடம் ஒரு நகல். இவ்வாறு நம் ஆதாரின் ஜெராக்ஸ் எத்தனை கைகளில் உள்ளதென்று நம்மில் எவரால் கணக்குச் சொல்ல இயலும்? வாங்காத கடனுக்குத் தவணை கேட்டு ஆள் வந்து நிற்கும்போதுதான் பலருக்கு இத்திருட்டே தெரியவருகின்றது.

சான்று இரண்டு கூறுவோம். 2018ஆம் ஆண்டில் தெலங்கானாவில், நிலப் பத்திரங்களில் இருந்த கைரேகைகளை ரப்பர் முத்திரை செய்யும் பொறியால் படியெடுத்து, பிறர் பெயரில் சிம் கார்டுகளைச் செயற்படுத்திய ஒருவர் கைதானார். பத்திரம் எழுதிய உழவர்கள் செய்த பிழை யாதொன்றும் இல்லை. இமாச்சலப் பிரதேசத்திலோ, பட்டியல் வகுப்பு, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட மாணவர்களுக்குரிய உதவித்தொகையில் 250 கோடி ரூபாய்க்கு மேல் முறைகேடு நடந்தது என்னும் புகாரின்மேல் 2019இல் மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குப் பதிந்தது. மாணவர் பெயரால் பணம் பெறப்பட்டும் மாணவரைச் சேரவில்லை என்பதே குற்றச்சாட்டு. ஏழைப் பிள்ளையின் பெயரைத் திருடியவன் அதன் படிப்பையே திருடியவனாவான்.

செல்வர்க்கு முகமே முகவரி. நமக்கோ ஒவ்வொரு வாயிலிலும் தாள் காட்டியாக வேண்டியுள்ளது. ஆகவே தரவுப் பாதுகாப்பு என்பது படித்தவர்களின் பொழுதுபோக்கு விவாதம் அன்று. அது சமூக நீதியின் ஒரு கூறு.

சட்டத்தின் நிலையை இனிக் காண்போம். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2008இல் திருத்தப்பட்டபோது 66சி என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. பிறரது மின்னணுக் கையொப்பம், கடவுச்சொல் போன்ற தனி அடையாளத்தை வஞ்சகமாகப் பயன்படுத்துவோர்க்கு மூன்றாண்டு வரை சிறையும், ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதமும் அதில் உண்டு. ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்டு 24 அன்று, உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தனர். பின்னர் 2023இல் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின; முக்கியக் கடமைகள் 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வரும் வகையில் வகுக்கப்பட்டுள்ளன. தரவைக் காக்கத் தவறும் நிறுவனத்திற்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். தரவு கசிந்தால் உரியவர்க்கு அறிவிக்க வேண்டும். இசைவு கேட்கும் அறிவிப்பைத் தமிழிலும் பெறலாம். இவை வரவேற்கத்தக்கன.

எனினும் மூன்று குறைகளை எடுத்துரைப்பது நம் கடமை.

முதலாவது, இச்சட்டம் எண்ணிம வடிவில் உள்ள தரவுக்கும், தாளிலிருந்து அவ்வடிவிற்கு மாற்றப்பட்ட தரவுக்குமே பொருந்தும். கடைக்காரரின் இழுப்பறையில் கிடக்கும் ஜெராக்ஸ் தாள் கணினியில் ஏறாத வரை இதன் எல்லைக்குள் வாராது. நம் மக்களின் விவரங்களோ பெரும்பாலும் அவ்விழுப்பறைகளில்தான் உள்ளன.

இரண்டாவது, தண்டத் தொகை அரசின் தொகுப்பு நிதிக்குச் செல்லும். பறிகொடுத்தவர்க்கு இழப்பீடு தர இச்சட்டம் வழிசெய்யவில்லை. கவனக்குறைவான நிறுவனத்திடம் இழப்பீடு பெற இடமளித்த பழைய 43ஏ பிரிவும் இச்சட்டத்தால் நீக்கப்படவுள்ளது. வேலியை உடைத்தவனிடம் தண்டம் வாங்கிவிட்டு, பயிரை இழந்தவனை வெறுங்கையோடு அனுப்புவது முறையாகுமா?

மூன்றாவது, நமக்கு மிக நெருக்கமானது. நாடாளுமன்றத்தில் 2019இல் வைக்கப்பட்ட மசோதா, சாதியையும் பழங்குடி அடையாளத்தையும் கூடுதல் காப்புக்குரிய நுண்ணிய தரவுகளின் வரிசையில் வைத்திருந்தது. 2023ஆம் ஆண்டுச் சட்டத்தில் அவ்வரிசையே இல்லை. வாடகைக்கு வீடு தேடுவோர்க்கும் வேலை தேடுவோர்க்கும், சாதி விவரம் தவறான கையில் சிக்கினால் நேரும் தீங்கினை நாம் விளக்கவேண்டுவதில்லை.

காஞ்சிபுரம் பட்டு என்னும் பெயர் போலிச் சேலைகளுக்குப் போகாதிருக்க, 2005ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றோம். சேலையின் பெயருக்குக் காப்பு வேண்டும் என்று உணர்ந்த நாடு, அச்சேலையை நெய்யும் மனிதரின் பெயருக்குக் குறைந்த காப்பைத் தரலாகாது. தாள் நகல்களும் சட்டத்திற்குள் வரவேண்டும். இழந்தவர்க்கு இழப்பீடு வேண்டும். சாதி விவரத்திற்குத் தனிக் காப்பு வேண்டும். இம்மூன்றையும் தீர்மானமாக இயற்றி நம் சங்கம் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு அனுப்புதல் வேண்டும் என்று முன்மொழிகின்றோம்.

சட்டம் திருந்தும் வரை நாம் வாளாவிருத்தல் ஆகாது. நகல் கொடுக்கும்போது அதன் குறுக்கே தேதியும் நோக்கமும் எழுதிக் கையொப்பமிடுக. ஆதாரின் முதல் எட்டு எண்களை மறைத்த படியே போதுமான இடங்களில் அதனையே தருக. கைரேகைப் பூட்டு வசதியைப் பயன்படுத்துக. உதவித்தொகை வந்துள்ளது என்று கூறித் தொலைபேசியில் ஓடிபி கேட்பவர் எவராயினும் சொல்லற்க. பணம் பறிபோனால் நாணித் தாமதியாது உடனே 1930 என்ற எண்ணுக்குப் புகார் செய்க. பள்ளிகளும் சங்கங்களும், எம்மையும் உள்ளிட்டு, மாணவர் விவரங்களைப் பூட்டி வைத்து, தேவை முடிந்தபின் கிழித்தழிக்கும் வழக்கத்தை மேற்கொள்ள வேண்டும். பிறரைக் கேட்கும் முன் நாம் செய்து காட்டுவோம்.

மாணவச் செல்வங்களே! கையெழுத்துப் போடக் கற்பதற்கே நம் பாட்டன்மார் பெரும்பாடு பட்டனர். அக்கையெழுத்தை எதன்கீழ் இடுகின்றோம் என்று படித்துப் பார்த்து இடுவதே நாம் அவர்களுக்குச் செய்யும் நன்றி. உங்கள் வீட்டுத் தாய் தந்தையர்க்குப் படித்துச் சொல்லும் கடமையும் உங்களுடையதே.