அஞ்சுவதற்கு எவ்வளவு ஆதாரம்?



சேலத்தில் பேசுவதால் கொலுசுப் பட்டறையிலிருந்தே தொடங்குகிறேன். செவ்வாய்ப்பேட்டையிலோ சிவதாபுரத்திலோ வெள்ளி உருக்குகிறவரின் கையைப் பாருங்கள், ஒரு சூட்டுத் தழும்பாவது இருக்கும். காய்ந்த கம்பி பட்டதும் கை வெடுக்கென்று விலகிவிடும். அதனால் தழும்பின் ஓரம் கலைந்தே இருக்கும். உங்களுக்குத் தெரிந்த இந்தச் சின்ன உண்மை லண்டனில் ஒரு தமிழரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரை போனது.

தீர்ப்பில் அவர் பெயர் இல்லை, கே.வி. என்ற எழுத்துகள்தான். 2011-இல் பிரிட்டனில் தஞ்சம் கேட்டார். விடுதலைப் புலிகளுக்குத் தங்க நகைகளை உருக்கிக் கொடுத்ததற்காக இலங்கை அரசுப் படையினர் தன்னைப் பிடித்து, காய்ச்சிய கம்பியால் சுட்டதாகச் சொன்னார். கையில் சுட்டபோது நினைவு இருந்தது, முதுகில் சுட்டபோது மயங்கிக் கிடந்தேன் என்றார். முதுகில் 5 நீண்ட தழும்புகள், ஓரங்கள் கோடு கிழித்தாற்போல. கையில் இருந்தவை கலங்கலாக. அவர் சொன்னதும் தழும்பும் ஒத்துப்போவதாக மருத்துவர் எழுதிக் கொடுத்தார்.

தீர்ப்பாயம் நம்பவில்லை. தஞ்சம் கிடைக்க வேண்டுமென்று அவரே சம்மதித்து, மயக்க மருந்தில் கிடந்து, வேறொருவரைக் கொண்டு சுட்டுக்கொண்டிருக்கலாம் என்றது. 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் பெரும்பான்மையாக அதை ஏற்றது. 2019 மார்ச்சில்தான் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளி, மறுவிசாரணைக்கு அனுப்பியது. தன் உடம்பை இப்படிச் சுட்டுக்கொள்ளச் சம்மதிப்பவர் மிக மிக அரிது, அந்த அரிதுத்தன்மைக்கு உரிய எடை கொடுக்க வேண்டும் என்றார் நீதிபதி வில்சன்.

எனக்கு இதில் நெஞ்சை அறுப்பது ஒன்று. அகதி சொல்வதற்கு ஆதாரம் கேட்ட தீர்ப்பாயம், தன் சந்தேகத்துக்கு ஓர் ஆதாரமும் தேடவில்லை.

அச்சத்துக்கு அளவுகோல் எது என்ற கேள்வியும் தமிழர் வழக்கில்தான் தீர்ந்தது. 1987 டிசம்பரில், சிவகுமாரன் வழக்கில், பிரிட்டன் பிரபுக்கள் சபை சொன்னது: துன்புறுத்தப்படுவதற்கு நியாயமான வாய்ப்பு இருந்தாலே போதும், சொத்து வழக்கில் கேட்கும் அளவு நிரூபணம் தேவையில்லை. அளவுகோல் தாராளமானதுதான். ஆனால் தஞ்சம் கேட்பவர் மனத்தில் அச்சம் இருப்பது மட்டும் போதாது, வெளி நிலவரமும் அதற்கு இடம்தர வேண்டும் என்றும் சொன்னது. அந்த வழக்கில் வந்தவர்கள் தோற்றார்கள். ஐந்து பேர் 1988 பிப்ரவரியில் இலங்கைக்கு அனுப்பப்பட்டனர். அடுத்த ஆண்டே அவர்களின் மேல்முறையீட்டைக் கேட்ட அலுவலர், அச்சம் நியாயமானதே என்றார். அவர்கள் பிரிட்டனுக்குத் திரும்பினார்கள். இடைப்பட்ட மாதங்களை யார் திருப்பித் தருவது?

நம் பக்கம் வருவோம். இந்தியா 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. 1983-க்குப் பின் படகில் வந்த ஈழத்தமிழர்களை ஒவ்வொருவராக நிறுத்தி விசாரிக்கவுமில்லை, கூட்டமாகவே ஏற்றுக்கொண்டோம். தழும்பைக் காட்டு என்று கேட்காத அந்தப் பெருந்தன்மையை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் கூட்டமாக ஏற்ற இடத்தில் தனி ஆளுக்குக் காது இல்லாமல் போய்விட்டது. போர் முடிந்து இத்தனை ஆண்டாயிற்றே, இன்னும் ஏன் இங்கே என்று கேட்கிறோம். ஒருவர் தன் காரணத்தை எடுத்துவைத்துத் தீர்ப்புப் பெற ஒரு தீர்ப்பாயம் நம் நாட்டில் கிடையாது.

நாமக்கல் மாவட்டத்தில் பரமத்தியில் அகதிகள் முகாம் இருக்கிறது. இப்போது அதன் பெயர் மறுவாழ்வு முகாம். செக்கிங் வரும் அலுவலர் பதிவேட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார், ஆள் இருக்கிறாரா என்று பார்ப்பார். திரும்பிப் போனால் உனக்கு என்ன ஆகும் என்று கேட்கும் கட்டம் அந்தப் பதிவேட்டில் இல்லை.