தலைக்கணக்கும் அரிசிக்கணக்கும்

(அட்டனில் நடைபெற்ற கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



வன்னியில் 2009ஆம் ஆண்டு நேர்ந்த பட்டினியைப் பற்றி மலைநாட்டு மேடையிலே என்ன பேச்சு என்று வரும் வழியில் நண்பர் ஒருவர் கேட்டார். “நம் சம்பளப் பிரச்சினையே தீரவில்லையே, ஐயா” என்றார். அவருக்கு விடை சொல்லித் தொடங்குகிறேன். கிளிநொச்சிப் பக்கத்திலே பாரதிபுரம், மலையாளபுரம் என்ற ஊர்கள் உள்ளன. அங்கே காடு வெட்டிக் குடியேறியவர்களிற் பெரும்பாலோர் யார்? 1977ஆம் ஆண்டுக் கலவரத்திலும் அதற்கு முன்னும் பின்னும் லயத்தை இழந்து மலையை விட்டிறங்கிய நம் உடன்பிறந்தார் அல்லவா? புதுமாத்தளன் மணலிலே கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்களுள் அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருந்தார்கள். இது நம் வீட்டுச் செய்தி.

இனி வழக்குக்கு வருவோம்.

2008 செப்டெம்பரில் ஐக்கிய நாடுகள் நிறுவனங்களையும் தொண்டு நிறுவனங்களையும் வன்னியை விட்டு வெளியேறுமாறு அரசாங்கம் பணித்தது. பாதுகாப்பைக் காரணம் காட்டியது. அம்மாத நடுப்பகுதிக்குள் ஐ.நா. அலுவலர் போயினர். செஞ்சிலுவைச் சங்கம் எஞ்சியது. சுதந்திரமான பத்திரிகையாளருக்கு உள்ளே போக வழியில்லை. அதன்பின் உலக உணவுத் திட்டத்தின் லொறித் தொடர்கள் இடையிடையே சென்றன. 2009 ஜனவரிக்குப் பின் தரைவழி அடைபட்டது. கடல்வழியே செஞ்சிலுவைச் சங்கம் அமர்த்திய கப்பல் மாத்திரம் மிஞ்சியது.

உணவு அனுப்ப வேண்டுமானால் உள்ளே எத்தனை பேர் என்று தெரியவேண்டும். அரசாங்கம் 2009 பெப்ரவரியிலே சொன்ன தொகை சுமார் 70,000. அதே அரசாங்கத்தின் சம்பளம் பெற்று, முல்லைத்தீவு மாவட்டத்திலே மக்களோடு மக்களாக நின்ற அதிகாரி அனுப்பிய தொகை சுமார் 3,30,000. அதற்காக அவருக்குக் கிடைத்தது கண்டிப்பும் ஒழுக்காற்று நடவடிக்கை எச்சரிக்கையும். மே மாதத்திலே போர் முடிந்தபோது மெனிக் பாம் முதலிய முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்களோ 2,80,000க்கு மேற்பட்டோர். மாண்டவர் இந்தக் கணக்கில் இல்லை.

கமக்காரருக்கு இந்தக் கணக்கை நான் விளக்கவேண்டியதில்லை. இருந்தாலும் ஓர் உதாரணத்துக்காக, தலைக்கு நாளொன்றுக்கு அரைக் கிலோ அரிசி என்று வைத்துக்கொள்ளுங்கள். 70,000 பேருக்கு 35 தொன். அதே 35 தொன்னை 2,80,000 பேர் பங்கிட்டால் தலைக்கு 125 கிராம்! அனுப்பியவர் “நாங்கள் முழுப்பங்கும் அனுப்பினோம்” என்று சத்தியம் செய்யலாம். அவருடைய தாளிலே அது பொய்யுமன்று. பசித்தவர் “எங்களுக்குக் கிடைத்தது காற்பங்கு” என்று அழலாம், அதுவும் மெய். இரண்டு வாக்குமூலத்துக்கும் நடுவிலே கிடப்பது தலைக்கணக்கு.

இந்த வித்தையை நாம் அறியாதவர்களா? கொழுந்து நிறுக்கும் இடத்திலே நின்ற தாய்மார் இங்கே இருக்கிறீர்கள். தராசு காட்டுவது ஒன்று. நீருக்கென்றும் கூடைக்கென்றும் கழித்துக் கணக்குப்பிள்ளை எழுதுவது வேறொன்று. முழுநாள் நின்றாலும், எழுதப்பட்டது அரைப்பேர் என்றால் அரைச் சம்பளந்தான். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்திலே நம்மைக் கணக்கிலிருந்தே எடுத்தார்கள். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்திலே 5,25,000 அங்கே, 3,00,000 இங்கே, மிச்சம் 1,50,000 பிறகு பார்ப்போம் என்று மூட்டை பிரிப்பதுபோலப் பிரித்தார்கள். 1973, 1974ஆம் ஆண்டுகளிலே அரிசியும் மாவும் குறைந்தபோது, பயிரிட ஒரு சாண் நிலமில்லாத தோட்டங்களிலே சாவு விகிதம் நாட்டின் ஏனைய பகுதிகளைவிட எவ்வளவோ உயர்ந்தது. பசி என்ற சொல் மரணப் பத்திரத்திலே எளிதில் ஏறுவதில்லை. வயிற்றோட்டம், வீக்கம், காய்ச்சல் என்றே ஏறும்.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் நான் சட்டம் படித்தது வீண். புலிகள் தொகையைப் பெருக்கிக் காட்டினார்கள், அனுப்பியதில் தங்களுக்கும் எடுத்துக்கொண்டார்கள் என்பது அரசாங்கத்தின் வாதம். 2011ஆம் ஆண்டு வெளியான ஐ.நா. நிபுணர் குழுவின் அறிக்கை, மக்களைப் புலிகள் கேடயமாக நிறுத்தியதையும், தப்பியோடியவரைச் சுட்டதையும், பிள்ளைகளைப் போருக்குப் பிடித்ததையும் மறைக்காமல் எழுதியிருக்கிறது. நம் மேடைகளிலே இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் அடுத்த பக்கத்துக்குத் தாவும் பேச்சாளர்கள் உண்டு. அவர்கள் வழக்கைக் கெடுக்கிறார்கள். அதே அறிக்கைதான், அரசாங்கம் வேண்டுமென்றே தொகையைக் குறைத்துச் சொல்லி உணவையும் மருந்தையும் மட்டுப்படுத்தியது என்ற குற்றச்சாட்டு நம்பத்தக்கது என்றும் எழுதியது. அரசாங்கம் நியமித்த நல்லிணக்க ஆணைக்குழுவோ அதே ஆண்டின் இறுதியிலே, இயன்ற முயற்சியெல்லாம் செய்யப்பட்டது என்ற முடிவுக்கு வந்தது. புலிகள் தொகையைப் பெருக்கினார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அதற்கு மருந்து, பக்கஞ்சாராதவர் போய் எண்ணுவது. எண்ணக்கூடியவரை வெளியேற்றிவிட்டு, எண்ணிக்கை தவறு என்று வாதிடுவதை எந்த நீதவான் ஏற்பார்?

மருத்துவர்களின் கதை இன்னும் கசப்பானது. உள்ளேயிருந்து மருந்தில்லை, உணவில்லை என்று தொலைபேசியிற் சொன்ன மருத்துவர்கள், போர் முடிந்ததும் காவலில் வைக்கப்பட்டனர். 2009 ஜூலையிலே கொழும்பிற் பத்திரிகையாளர் முன் கொண்டுவரப்பட்டபோது, புலிகளின் நெருக்குதலால் மிகைப்படுத்தினோம் என்றார்கள். காவலில் உள்ளவனின் வாக்குமூலத்துக்கு என்ன பெறுமதி என்று சாட்சியச் சட்டம் படிக்கும் மாணவனும் சொல்வான். பின்னர் வெளிநாடு சென்ற ஒருவர், அது கட்டாயத்தின்பேரிற் சொன்னது என்றார்.

ஐ.நா.வும் சுத்தக்கை அன்று. தன்னிடமிருந்த உயிரிழப்புத் தொகைகளை உரிய வேளையில் வெளியிடத் தயங்கியதை 2012ஆம் ஆண்டு அதன் உள்ளக ஆய்வே ஒப்புக்கொண்டது. 1943ஆம் ஆண்டு வங்கத்திலே இலட்சக்கணக்கானோர் மாண்டபோதும் பஞ்சம் என்று அரசு அறிவிக்கவேயில்லை. கல்கத்தாப் பத்திரிகையொன்று பிணங்களின் படத்தை வெளியிட்ட பின்னரே உலகம் திரும்பிப் பார்த்தது. 2025 ஓகஸ்டிலே காசாவிற் பஞ்சம் என்று ஐ.நா. ஆதரவுபெற்ற அமைப்பு அறிவித்ததும், கணக்கே தவறு என்று இஸ்ரேல் மறுத்தது. அங்கும் வெளிநாட்டுப் பத்திரிகையாளர் சுதந்திரமாக நுழைய முடியவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? பொதுமக்களைப் பட்டினி போடுவதைப் போர்முறையாகக் கொள்ளலாகாது என்று 1977ஆம் ஆண்டின் இரண்டாம் ஜெனீவா மேலதிக உடன்படிக்கை விதிக்கிறது. இலங்கை அதில் இணையவில்லை. ஆயினும் அது வழக்காற்றுச் சட்டமாகிவிட்டபடியால் எவரையும் கட்டும். 2018இலே ஐ.நா. பாதுகாப்புச் சபையும் 2417ஆம் தீர்மானத்தால் அதையே வற்புறுத்தியது.

என்னிடம் வந்த அம்மா ஒருவர் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றிற் பிறந்தவர். 1977இலே தகப்பன் தோளிலிருந்து வன்னி போனவர். மரணப் பத்திர விடயமாக வந்தார். பொலித்தீன் பையிலே சுற்றி, இறந்த பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தோடு ஒரு பங்கீட்டு அட்டையையும் வைத்திருந்தார். அட்டையிலே ஐந்து பெயர். கொடுத்த அரிசி மூவருக்கும் போதாது. திகதியும் அளவும் மையிலே இருந்தன. “உப்பில்லாத கஞ்சி, ஐயா. உப்புக்கும் வழியில்லை” என்றார். முப்பது ஆண்டுப் பேச்சுக்கு இல்லாத பலம் அந்த அட்டைக்கு உண்டு. 2024 மே மாதத்திலே சம்பூரில் நினைவுக் கஞ்சி வழங்கிய பெண்களைக் கைது செய்யலாம். அட்டையில் உள்ள மையை யார் கைது செய்வது?

ஆகையால் என் வேண்டுகோள் சிறியது. வன்னியில் உறவினர் உள்ளவர்கள் கேட்டுப் பாருங்கள். பங்கீட்டு அட்டை, கிராம சேவையாளர் கொடுத்த துண்டு, மருத்துவமனைச் சீட்டு, எதுவானாலும் எடுத்து வரச் சொல்லுங்கள். தோட்டங்களிலே 1974ஆம் ஆண்டுச் செக்றோல் பழம்பிரதிகள் எவரிடமாவது இருந்தால் அவற்றையும் கொண்டு வாருங்கள். வயதானவர்கள் சொல்வதைத் திகதியோடு எழுதிக் கையொப்பமோ கைநாட்டோ வாங்கி வையுங்கள். கேட்டதையும் கண்டதையும் கலக்காதீர்கள். கூட்டிச் சொல்லாதீர்கள். மூலத்தை எவரிடமும் கொடுத்துவிடவும் வேண்டாம், என்னிடமுந்தான். படியெடுத்துக்கொண்டு அன்றைக்கே திருப்பித் தருகிறோம்.