நீச்சலும் நம் பிள்ளைகளும்



நம் முன்னோர் பிள்ளையின் முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக் கிணற்றில் இறக்கி நீந்தக் கற்பித்தனர். சித்தூரிலும் திருப்பதியிலும் குடியேறிய நாமோ குழாய்நீரை நம்பி அக்கலையைக் கைவிட்டோம். நீர் நம்மை விட்டபாடில்லை! 2021 நவம்பரில் சுவர்ணமுகி வெள்ளமாய்ப் பெருகியதை அறிவோம். அவ்வாண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 3,00,000 பேர் நீரில் மூழ்கி மாண்டனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அவருள் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் 5 வயது நிரம்பாத மழலையர்.

மழலைக்குக் கிணற்றுச்சுவரும், தொட்டிமூடியும், பெரியோர் கண்ணுமே காவல். பள்ளிப் பிள்ளைகளுக்கு நீச்சல் வேண்டும். பெண்பிள்ளைகளை விலக்குவது நியாயமன்று.

ஒருவர் தத்தளிப்பின், நீந்தத் தெரியாதார் குதித்தல் ஆகாது. மூழ்குவோர் எட்டியவரைப் பற்றி இழுப்பர். கரையில் நின்றே புடவையையோ கயிற்றையோ வீசுக, வெறுங்குடமும் மிதக்கும்.

நீந்த வல்லார் நம் காலனியில் எவரெவர்? கோடை விடுமுறைக்குள் அவர்தம் பெயர்களைத் திரட்டுவோம்.