கண்ணில் கத்தி இல்லை, தாள்தான்

(பிள்ளை மடுவத்தில் நடந்த தாய்மார் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் பேசியது)



நம்ம தோட்டத்தில் கொழுந்தெடுக்கிற அக்கா ஒருவர், கண் எரிச்சலுக்காகப் போன மாதம் பெரியாஸ்பத்திரிக்குப் போனார். "கண்ணிலிருந்து எடுத்துப் பார்க்கணும்" என்றதும், வெட்டப் போகிறார்கள் என்று பயந்து லயத்துக்குத் திரும்பிவிட்டார். அவரிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

அது வெட்டுகிற வேலை இல்லை. முதலில் கண் மரத்துப்போக சொட்டு மருந்து விடுவார்கள். பிறகு சின்ன வடிதாள் துண்டு ஒன்றை வெள்ளை விழியில் சில விநாடி ஒற்றி எடுப்பார்கள். மேலே உள்ள கலங்கள் தாளில் ஒட்டிக்கொண்டு வரும். அதற்குச் சாயமேற்றி நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். இந்த முறை 1977ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது.

அதில் என்ன தெரியும்? கண்ணை வழுவழுப்பாக வைக்கும் சளியைச் சுரக்க தனிக் கலங்கள் உண்டு. கண் வறண்டாலும், விற்றமின் ஏ குறைந்தாலும் அவை குறைந்துபோகும். புற்றுநோயின் அடையாளம்கூட தெரியலாம். அப்போது உறுதிசெய்யத்தான் சிறிது சதை எடுத்துப் பார்ப்பார்கள்.

எல்லா எரிச்சலுக்கும் இந்தச் சோதனை வேண்டாம். தேவையா என்று டொக்டர்தான் சொல்வார். ஆனால் தாய்ப்பால் விடுவதும், பக்கத்து வீட்டுக்காரரின் சொட்டு மருந்தை வாங்கி விடுவதும் கூடாது. எரிச்சல் ஒன்றுபோல இருந்தாலும் காரணம் வேறு வேறு. பொழுது சாய்ந்ததும் பிள்ளை தட்டுத்தடுமாறினால் உடனே கிளினிக்குக்குக் கொண்டு வாங்க.

அந்த அக்காவுக்கு மறுபடி டிஸ்பென்சரித் துண்டு எழுதியாச்சு. வருகிற கிழமை போகிறார். நீங்களும் பயப்படாதீங்க.