நிலைக்காலில் எழுதிய நெறி
(அறக்கட்டளை விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பிற சமயத்தார் தம் இல்லங்களில் பேணிவரும் வழக்கங்களுள் ஒன்றனைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தீர்கள். யூதர் இல்லத்து வாயிலில் காணப்பெறும் மெசூசாவை எடுத்துக்கொண்டேன். அதனை எவ்வாறு தெரிந்தெடுக்கின்றனர், எவ்வாறு பொருத்துகின்றனர் என்று கூறுவதோடு, அவ்வழக்கத்தினுள் பொதிந்துள்ள ஒரு வினாவையும் உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன். எவர் கண்ணுக்கும் புலப்படாமல் மறைந்திருக்கும் ஒன்று செம்மையாக இருந்தே தீரவேண்டும் என்று நாம் எவ்வளவு கவலைப்படுகின்றோம் என்பதே அவ்வினா.

மெசூசா என்னும் எபிரேயச் சொல்லுக்கு நிலைக்கால் என்பதே நேர்ப்பொருள். தமிழிலக்கணம் கற்றவர்க்கு எளிதில் விளங்கும். நிலைக்காலில் பொருத்தப்படும் பொருளுக்கு அப்பெயர் இடவாகுபெயராக வந்துள்ளது. யூதமறையின் ஐந்தாம் நூலாகிய உபாகமத்தின் 6, 11 ஆகிய அதிகாரங்களில், இறைவனின் சொற்களை வீட்டு நிலைக்கால்களில் எழுதுக என்னும் ஆணை இரு முறை வருகின்றது. அவ்வாணை அமைந்த இரு பகுதிகளையும் ஒரு தோலேட்டில் எழுதி, சுருட்டி, உறையிலிட்டு வாயிலில் பொருத்துகின்றனர். சாக்கடலை அடுத்த கும்ரான் குகைகளில் சென்ற நூற்றாண்டின் நடுவில் கண்டெடுக்கப்பட்ட தொன்மையான சுவடிகளுள் மெசூசாச் சுருள்களும் உள்ளன. ஏறத்தாழ 2000 ஆண்டுகளாக இவ்வழக்கம் தொடர்ந்து வருகின்றது என்பதற்கு அவையே சான்று.

அப்பகுதிகள் கூறுவது யாது? இறைவன் ஒருவனே என்பது முதற்செய்தி. அவனை முழு உள்ளத்தோடும் முழு உயிரோடும் முழு ஆற்றலோடும் நேசித்தல் வேண்டும். அவன் சொற்களைப் பிள்ளைகளுக்குக் கற்பித்தல் வேண்டும். வீட்டில் அமர்ந்திருக்கும்போதும் வழிநடக்கும்போதும் படுக்கும்போதும் எழும்போதும் அவற்றைப் பேசுதல் வேண்டும். நெறி நின்றால் பருவமழை பொழியும், தானியமும் எண்ணெயும் பெருகும்; நெறி தவறினால் வானம் பொய்க்கும் என்று இரண்டாம் பகுதி எச்சரிக்கின்றது.

இனித் தெரிந்தெடுக்கும் முறைக்கு வருவோம். மெசூசா வாங்கக் கடைக்குச் செல்பவர் கண்ணில் முதலில் படுபவை உறைகளே. வெள்ளி, பித்தளை, மரம், கண்ணாடி, பளிங்கு, பீங்கான் என்று எத்தனையோ வகைகள். பலவற்றின் முகப்பில் ஷின் என்னும் எபிரேய எழுத்து பொறிக்கப்பட்டிருக்கும். இறைவனைக் குறிக்கும் ஷத்தாய் என்னும் பெயரின் முதலெழுத்து அது. கைவினைஞர் திறமெல்லாம் காட்டும் இவ்வுறைகள் அருங்காட்சியகங்களிலும் இடம்பெற்றுள்ளன. ஆயினும் சமயச்சட்டத்தின் பார்வையில் உறை ஒரு காப்பு மட்டுமே. எளிய குழாய் ஒன்றில் இட்டாலும் குறைவில்லை. மெசூசா என்னும் தகுதி உள்ளிருக்கும் சுருளுக்கே உரியது. அழகிய உறைக்குள் அச்சடித்த தாளை வைத்து விற்பனை செய்வதும் உண்டு. அத்தகைய தாள் எவ்வளவு தெளிவாக அச்சிடப்பட்டிருந்தாலும் மெசூசா ஆகாது. எனவேதான் அறிந்தவர்கள், பணத்தை உறைக்குச் செலவிடும் முன் சுருளுக்குச் செலவிடுக என்று அறிவுரை கூறுகின்றனர்.

சுருளை எழுதுபவரை எபிரேயத்தில் சோஃபேர் என்பர். எழுத்தர் என்று நாம் கூறலாம். சமயச்சட்டங்களைக் கற்றுப் பயிற்சி பெற்றவரே இப்பணிக்கு உரியவர். உண்ணத் தகும் என்று அவர்தம் சட்டம் ஏற்கும் விலங்கின் தோலைப் பதப்படுத்திய ஏடே எழுதுபொருள். கொல்லாமையைத் தலையாய அறமாகப் போற்றும் இவ்வவையில் இச்செய்தியை மறைத்துப் பேசுதல் வாய்மைக்குப் பொருந்தாது. நமக்கு இது உடன்பாடன்று என்பதை நான் சொல்லத் தேவையில்லை. ஒருவர் வழக்கத்தைப் புரிந்துகொள்வது வேறு, அதனை ஏற்றுக்கொள்வது வேறு. உடன்படாத பகுதியை உள்ளவாறே கூறிவிட்டு, உணரத்தக்க பகுதியை உணர முற்படுவோம்.

ஏட்டில் கூரிய கருவியால் முதலில் வரிகள் கீறப்படும். மாசிக்காய், பிசின், அன்னபேதி முதலியவற்றைச் சேர்த்துக் காய்ச்சிய கருமையான மையை இறகிலோ நாணலிலோ தோய்த்து எழுதுவர். தொடங்கும் முன், மெசூசாவின் புனிதத்திற்காகவே எழுதுகின்றேன் என்று எழுத்தர் வாய்விட்டுச் சொல்லுதல் வேண்டும். இறைவன் திருப்பெயரை எழுதுந்தோறும் அவ்வெண்ணத்தைப் புதுப்பித்துக்கொள்ளல் வேண்டும். 22 வரிகள், 713 எழுத்துகள். ஓர் எழுத்துக் குறைந்தாலும் சுருள் செல்லாது. ஓர் எழுத்து மற்றோர் எழுத்தைத் தொடுதல் ஆகாது; ஒவ்வோர் எழுத்தைச் சுற்றியும் வெற்றிடம் இருத்தல் வேண்டும்.

இன்னும் கடுமையான விதி ஒன்றுண்டு. எழுத்துகளை வரிசை பிறழாமல் எழுதுதல் வேண்டும். எழுதி முடித்தபின், நடுவில் ஓர் எழுத்து விடுபட்டிருப்பதைக் கண்டால், அதனை இடையில் செருகித் திருத்த இயலாது. அதன் பின் எழுதியவை எல்லாம் வரிசைக்கு முன்னதாக எழுதப்பட்டவை ஆகிவிடும் அன்றோ! அச்சுருளை ஒதுக்கிவிட்டுப் புதிய ஏட்டில் முதலிலிருந்து தொடங்குவதே வழி.

எழுத்தின் வடிவம் எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுகின்றேன். எபிரேயத்தில் தாலெத், ரேஷ் என்னும் இரண்டு எழுத்துகள் உள. தாலெத்தின் மேல்மூலை கூராக இருக்கும். ரேஷின் மூலை வளைந்திருக்கும். வேறுபாடு அவ்வளவே. இறைவன் ஒருவன் என்னுமிடத்தில் வரும் ‘எஹாத்’ என்னும் சொல் தாலெத்தில் முடிகின்றது. அம்மூலை மழுங்கி ரேஷ் ஆகிவிட்டால், அதே எழுத்துகள் ‘மற்றொருவன்’ என்று பொருள்படும் சொல்லாகிவிடும். ஒருமைக் கொள்கையே ஒரு மூலையில் தங்கியிருக்கின்றது. நம் பனையோலைச் சுவடிகளில் ரகரத்திற்கும் காலுக்கும் வேற்றுமை தெரியாமல், புள்ளியும் இல்லாமல், பொருள் காண இடர்ப்பட்ட பதிப்பாசிரியர்களின் உழைப்பை அறிந்தவர்க்கு இது நன்கு விளங்கும்.

ஓர் எழுத்து ஐயத்திற்கு இடமாயிருந்தால் யாரிடம் கேட்பது? பேரறிஞரிடம் என்று நாம் எண்ணுவோம். தால்மூது என்னும் பழஞ்சட்டத் தொகுப்புக் கூறும் விடை வேறு. எழுத்தறிந்த ஒரு சிறு பிள்ளையிடம் காட்டுக என்கின்றது. அப்பிள்ளை மிகுந்த அறிவாளியாகவும் இருத்தலாகாது, அறிவிலியாகவும் இருத்தலாகாது. அறிவாளி முன்பின் பார்த்துப் பொருளை ஊகித்துவிடுவான். சிதைந்த எழுத்தும் அவனுக்குச் சரியாகவே தோன்றும். பிள்ளையோ கண்முன் உள்ள வடிவத்தையே படிக்கும். பல்லாண்டுகள் விடைத்தாள் திருத்திய எனக்கு இவ்விதி மிகவும் உவப்பானது. நல்ல மாணவன் எழுதிய தாளில் பிழை நம் கண்ணுக்குத் தப்பிவிடுவதை ஆசிரியர் அனைவரும் அறிவர்.

இக்காலத்தில் சுருளைப் படமெடுத்துக் கணினி வழியாகவும் எழுத்துகளை ஒப்புநோக்குகின்றனர். விடுபட்ட எழுத்தை அது விரைந்து காட்டும். ஆயினும் பயின்ற கண்ணின் ஆய்வும் தேவையென்றே கொள்கின்றனர். எழுத்தர் வரிசை பிறழ்ந்து எழுதித் திருத்தியிருந்தால் அதனை எக்கருவியும் காட்டாமற்போகலாம். ஆகவே எழுத்தரின் நேர்மையே இறுதிப் பிணை. நம்பத்தகுந்தவரிடம் வாங்குக, விலை குறைவு என்பதற்காக வாங்காதே என்பது அவர்கள் வீட்டுப் பெரியோர் கூறும் மொழி.

பொருத்தும் முறையையும் காண்போம். எழுத்துப் பக்கம் உள்ளே அமையுமாறு, வரியின் முடிவிலிருந்து தொடக்கம் நோக்கிச் சுருளைச் சுருட்டுவர், மடித்தல் கூடாது. உள்ளே நுழைபவரின் வலப்புற நிலைக்காலில், உயரத்தை மூன்றாகப் பகுத்தால் மேற்பகுதியின் அடியில், வெளிவிளிம்பை ஒட்டிப் பொருத்துவர். கதவுக்குப் பின்னால் வைத்தாலும் கோலில் கட்டித் தொங்கவிட்டாலும் செல்லாது. ஆணியாலோ திருகாணியாலோ உறுதியாகப் பதித்தல் வேண்டும். வெயிலும் மழையும் படும் வாயிலாயின் மை வெடித்து உதிராதவாறு நீர்புகா உறையைத் தெரிந்தெடுப்பர். இம்மெசூசாவை நிலைநிறுத்தும் கட்டளையைத் தந்த இறைவனுக்கு வாழ்த்துக் கூறிய பின்னரே பொருத்துவர். பல வாயில்களுக்கு ஒரே வேளையில் பொருத்தினால் ஒரு வாழ்த்துப் போதும். தலைவாயிலுக்கு மட்டுமன்றி, தங்குவதற்குரிய அறைகளின் வாயில்களுக்கும் இது உண்டு. குளியலறைக்கும் கழிப்பறைக்கும் இல்லை. இசுரேல் நாட்டுக்கு வெளியே வாடகை வீட்டில் குடியேறியவருக்கு 30 நாள் தவணை உண்டு. வீட்டை விட்டுப் பெயரும்போது, அடுத்துக் குடிவருபவரும் யூதராயின் மெசூசாவைக் கழற்றாமல் விட்டுச் செல்லுதல் வேண்டும்.

பல யூத இல்லங்களில் மெசூசா சற்றுச் சாய்ந்திருப்பதைக் காணலாம். அதற்குப் பின்னால் ஓர் அழகிய வரலாறு உண்டு. 11ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் வாழ்ந்த ராசி என்னும் உரையாசிரியர், மெசூசா நேராக நிற்றல் வேண்டும் என்றார். அவர்தம் மகள்வயிற்றுப் பேரராகிய ரப்பேனு தாம், படுக்கைவாட்டில் அமைதல் வேண்டும் என்று மறுத்தார். இருவரும் பேரறிஞர்கள், எவரையும் தள்ள மனமில்லாத பின்னோர், இரண்டுக்கும் இடையே சாய்வாக வைத்தனர். கிழக்கு ஐரோப்பிய மரபினர் இன்றும் அவ்வாறே செய்கின்றனர். செபார்திய மரபினர் நேராகவே பொருத்துகின்றனர். ஒரு குடும்பத்துக் கருத்து வேற்றுமை, வீட்டு வாயிலில் விட்டுக்கொடுத்தலின் அடையாளமாக நின்றுவிட்டது.

பொருத்தியதோடு கடமை முடிவதில்லை. 7 ஆண்டுகளில் இரு முறை உறையைத் திறந்து, சுருளை விரித்து, எழுத்துகள் உதிர்ந்துள்ளனவா என்று ஆய்தல் வேண்டும். பொதுவிடத்து மெசூசாவாயின் 50 ஆண்டுகளில் இரு முறை. பழுதுபட்டுச் செல்லாத சுருளைக் குப்பையில் எறிவதில்லை. சேமித்து வைத்து மண்ணில் அடக்கம் செய்கின்றனர்.

இனி, மெசூசா எதற்காக என்னும் வினாவில் அவர்களுக்குள்ளேயே இரு பார்வைகள் உள்ளன. அது வீட்டைக் காக்கும் என்பது பெருவழக்கான நம்பிக்கை. பார்த்திய மன்னன் அர்தபான் என்பவன் யூதா என்னும் பெரியாருக்கு விலைமதிப்பற்ற முத்து ஒன்றை அனுப்பினான் என்றும், அவர் பதிலுக்கு ஒரு மெசூசாவை அனுப்பினார் என்றும் எருசலேம் தால்மூதில் ஒரு கதை உண்டு. சிறுகாசு பெறுமானதை அனுப்பினீரே என்று மன்னன் வினவ, நீ அனுப்பியதை நான் காவல்காத்தல் வேண்டும்; நான் அனுப்பியதோ நீ உறங்கும்போதும் உன்னைக் காவல்காக்கும் என்று விடையிறுத்தாராம். வீட்டில் நோயோ இடரோ வந்தால் மெசூசாவைச் சோதித்துப் பார்க்கும் வழக்கம் இந்நம்பிக்கையில் தோன்றியதே.

12ஆம் நூற்றாண்டுச் சட்ட அறிஞரும் மருத்துவருமான மைமோனிடசு இதில் கண்டிப்பானவர். சுருளின் உட்புறத்தில் தேவதூதர் பெயர்களையும் முத்திரைகளையும் சேர்த்து எழுதியோரை அவர் அறிவிலிகள் என்றே சாடினார். இறைவனின் ஒருமையையும் அவன்பால் அன்பையும் உணர்த்தும் கட்டளையைத் தம் நலத்துக்கான தாயத்தாக அவர்கள் மாற்றிவிட்டனர் என்பது அவர் குற்றச்சாட்டு. உள்ளே வரும்போதும் வெளியே செல்லும்போதும் மனிதன் இறைவனின் பெயரை எதிர்கொள்கின்றான்; உலக மயக்கத்தில் உறங்கிக் கிடப்பவன் விழித்துக்கொள்கின்றான்; அதுவே பயன் என்றார் அவர். விழித்திருப்பவனே தவறு செய்யாமல் தன்னைக் காத்துக்கொள்கின்றான். எனக்கு மைமோனிடசின் விடையே நிறைவு தருகின்றது. அச்சத்தால் மாட்டிய பொருள், அச்சம் நீங்கியதும் மறக்கப்படும். நினைவுக்காக வைத்த பொருளை மனிதன் ஒவ்வொரு நாளும் கடந்து செல்கின்றான். பலர் அதனைத் தொட்டு விரல்களை முத்தமிடவும் செய்கின்றனர்.

போலந்து நாட்டின் பழைய நகரங்களில், சில வீடுகளின் நிலைக்கால்களில் சாய்வான பள்ளங்கள் இன்றும் தென்படுகின்றன. இரண்டாம் உலகப்போருக்கு முன் அந்நாட்டில் 30 இலட்சத்திற்கும் மேற்பட்ட யூதர்கள் வாழ்ந்தனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் கொன்றழிக்கப்பட்டனர். உறையும் இல்லை, சுருளும் இல்லை; பள்ளம் மட்டும் எஞ்சியுள்ளது. அத்தகைய பள்ளங்களை வெண்கலத்தில் வார்த்து, அவ்வார்ப்பையே புதிய மெசூசா உறையாகச் செய்யும் கைவினைஞர்கள் வார்சாவில் உள்ளனர். அவ்வுறையினுள்ளும் பயின்ற எழுத்தர் ஒருவர் 713 எழுத்துகளையும் வரிசை பிறழாமல் எழுதிய சுருள் இருந்தால்தான் அது மெசூசா.

அன்பர்களே, நம் வீடுகளுக்கும் வாயில் உண்டு. உறையும் உண்டு, உள்ளீடும் உண்டு. திருமணத்திலும் புதுமனையிலும் விழாக்களிலும் வெளித்தோற்றத்துக்கு நாம் செலவிடும் பொருளையும் பொழுதையும், உள்ளிருக்கும் நெறி பிழையின்றி உள்ளதா என்று பார்ப்பதற்கு எவ்வளவு செலவிடுகின்றோம் என்பதை அவரவரே எண்ணிப் பார்த்தல் நலம். 7 ஆண்டுகளில் இரு முறையேனும் உறையைத் திறந்து பார்க்கும் துணிவு நமக்கும் வேண்டும். நாம் காணத் தவறிய பிழையை நம் வீட்டுப் பிள்ளை சுட்டிக்காட்டினால், சினவாது கேட்கும் பொறுமையும் வேண்டும்.