பூனைக்கு நம் மாத்திரை ஆகாது

பரளச்சிப் பக்கம் ஒரு வீட்டுப் பூனை, கருத்தடை ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வலித்தாலும் பூனை பெரும்பாலும் கத்தாது. மறைத்துக்கொள்ளும். குதிருக்குப் பின்னால் போய் முதுகைக் கூனிக் குந்தியிருக்கும். கண் சுருங்கும், காது பக்கவாட்டில் சாயும். கருவாட்டை நீட்டினாலும் முகர்ந்து பார்க்காது.

பாவமே என்று பாராசிட்டமாலில் பாதி கிள்ளிக் கொடுத்துவிடாதீர்கள்! நம் காய்ச்சலைத் தணிக்கிற மாத்திரை பூனைக்கு விஷம். அதை முறிக்கும் சக்தி பூனையின் ஈரலுக்குப் போதாது. ரத்தச் சிவப்பணுக்கள் கெட்டு, ஈறு பழுப்பேறி, மூச்சுத் திணறும். ஒரே மாத்திரை உயிரைக் குடித்துவிடும்.

பூனைக்கென்று வலி மருந்து உண்டு. எடை பார்த்து டாக்டர்தான் தர வேண்டும்.

ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லையா, தையல் வீங்கியிருக்கிறதா? ஆபரேஷன் செய்த டாக்டரிடமே கூடையில் வைத்து உடனே கொண்டுபோங்கள். கால்நடை மருத்துவ உதவிக்கு அரசு எண் 1962.