தடையும் தடை நீங்கிய கதையும்

அமெரிக்காவில் ஆங்கிலேயர் அமைத்த குடியேற்றங்களுள் ஒன்று, தொடக்கக் காலத்திலேயே அடிமை முறையைச் சட்டத்தால் விலக்கி வைத்தது என்றால் நேயர்கள் பலர் வியப்படையலாம். அதுவே ஜோர்ஜியா. 1732இல் அரச பட்டயம் பெற்று, மறு ஆண்டில் சவன்னா ஆற்றங்கரையில் அது நிறுவப்பட்டது. இலண்டனிலிருந்து அதனை நிருவகித்த தருமகர்த்தர்கள், இங்கிலாந்தின் ஏழை மக்கள் சிறு நிலம் பெற்றுத் தம் கையால் உழைத்து வாழும் நாடாக அது விளங்குதல் வேண்டுமென எண்ணினர். ஆபிரிக்க அடிமைகளைக் கொண்டுவருவதை 1735இல் தடுத்தனர்.

உயர்ந்த இலட்சியந்தான். ஆயினும் தடைக்குரிய காரணங்களை நோக்குதல் தகும். அடிமைகள் வந்தால் வெள்ளையர் உழைப்பை வெறுப்பர் என்பது ஒன்று. தெற்கே புளோரிடாவிலிருந்த ஸ்பானியரிடம் அடிமைகள் தப்பியோடுவர், கலகமும் செய்வர் என்பது மற்றொன்று. விலங்கு பூண்டவனின் துன்பம் அக்கணக்கில் முன்னிற்கவில்லை. குடியேற்றத்தின் தலைவர் ஜேம்ஸ் ஓகில்தோர்ப்பே, அடிமை வாணிகம் நடத்திய அரச ஆபிரிக்கக் கம்பெனியின் துணைத் தலைவராக இருந்தவர்!

ஆற்றின் மறுகரையிலே தென் கரோலினா. அங்கு அடிமைகளின் உழைப்பால் விளைந்த நெல் தோட்டக்காரரைச் செல்வராக்கியது. இக்கரையிலிருந்தோர் அதைக் கண்டு பொருமினர். கூலி கொடுத்து வெட்டும் மரத்தை அயலவரின் விலைக்கு விற்க இயலாதென்று, 1738இன் இறுதியில் சவன்னாவாசிகள் நூற்றுக்கு மேற்பட்டோர் விண்ணப்பம் விடுத்தனர். டேரியன் என்னும் ஊரிற் குடியேறிய ஸ்கொத்லாந்தர் 18 பேர் 1739இல் அதற்கு மாறாக எழுதினர். ஒரு மனித இனம் என்றென்றும் அடிமைப்பட்டிருத்தல் மனித இயல்பையே அதிரச் செய்வது என்று அவர்கள் கூறினர். தருமகர்த்தர்களின் காரணங்களைவிட இது எவ்வளவோ ஆழமானது.

சட்டம் ஏட்டில் இருக்க, ஊரார் வழி கண்டனர். கரோலினாக்காரரிடமிருந்து அடிமையை நூறு ஆண்டுகளுக்கு ‘வாடகைக்கு’ எடுப்பர். வாடகையை முழுவதும் முற்பணமாகக் கொடுப்பர். அத்தொகை அடிமையின் விலைக்குச் சமமாயிருக்கும். அதிகாரிகள் தலையிட்டால், கரோலினாவிலிருந்து உரிமையாளர் வந்து தம் சொத்தென்பார்.

நல்லோரும் வழுவினர். ஜோர்ஜ் விற்பீல்ட் என்ற புகழ்பெற்ற போதகர், எசமானரின் கொடுமையை 1740இல் பகிரங்கமாகக் கண்டித்தவர். சவன்னாவுக்கருகே அவர் நிறுவிய அநாதைச்சாலையின் செலவு ஏறியது. 1747இல் தென் கரோலினாவில் தோட்டம் ஒன்றையும் அடிமைகளையும் பெற்று, அந்த வருவாயால் அநாதைகளைப் பேண முற்பட்டார். ஜோர்ஜியாவின் தடையையும் நீக்கும்படி வாதாடினார். அடிமைகளுக்கு வேதம் போதிக்கலாமே என்பது அவர் சொன்ன சமாதானம்.

1742இல் ஸ்பானியப் படையெடுப்பு முறியடிக்கப்பட்டது. எல்லையச்சம் தணிந்தபின் தடைக்கு ஆதாரமும் தளர்ந்தது. 1751இன் முதல் நாளில் தடை அகன்றது. தடை நீங்கும் வேளையில் 500ஐ எட்டாத அடிமைகளின் தொகை 1775இல் ஏறக்குறைய 18,000 ஆயிற்று.

மறு ஆண்டில் தோமஸ் ஜெபர்சன் சுதந்திரப் பிரகடனத்தை வரைந்தபோது, அடிமை வாணிகத்தைச் சாடும் பகுதி ஒன்றையும் சேர்த்தார். அவரே அடிமைகளை உடையவர் என்பது வேறு கதை. அப்பகுதி நீக்கப்பட்டது. தென் கரோலினாவையும் ஜோர்ஜியாவையும் மனங்குளிரச் செய்யவே அவ்வாறு நீக்கினர் என்று அவர் பின்னர் குறித்தார். வடபகுதியாருக்கும் அது சற்று உறுத்தியது என்றும் எழுதினார். அவர்களிடம் அடிமைகள் சிலரே இருந்தனர், ஆனால் அடிமைகளை ஏற்றிவந்த கப்பல்கள் பல அவர்களுடையவை.